சத்தமாகச் சொன்ன கடவுச்சொல்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்த வீட்டு மாடிப்படியை ஏறினேன். ஏறும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. நான் ஒரு மெஷினைத் தொட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டிலிருந்து போன் வரக் கூடாது. அதுதான் என் கௌரவம். இங்கே திங்கட்கிழமை வந்தேன், புதன்கிழமை வந்தேன், வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மறுபடியும் வந்து நிற்கிறேன்.

பழைய வீடு. படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கைப்பிடியைத் தடவித்தான் ஏற வேண்டும். கீழே ஈரச்சுவர் வாடை அடிக்கும். மேலே போகப் போகப் பழைய காகித வாடை சேர்ந்துகொள்ளும். மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூடத்து மூலையில் அந்தக் கம்ப்யூட்டர்.

"தம்பியா? வாங்க. மறுபடியும் பூட்டிக்கிச்சு" என்றார் அந்த வீட்டு அக்கா.

அக்காவுக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். மனைவியால் படிக்க முடியாமல் போனதும், ஒரு தடித்த நாவலை எடுத்து வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்துப் பதிவு செய்தார். நாற்பத்தோரு அத்தியாயம் முடித்தார். அதற்கு மேல் அவருடைய இதயம் விடவில்லை. அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

முதல் நாளே அக்கா என்னிடம் சொல்லிவிட்டார். "போட்டோவ வச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்றது? எனக்கு அவருன்னா அந்தக் குரல்தான். அதுவும் போச்சுன்னா அவரு ரெண்டாந்தடவ செத்த மாதிரி."

"வேற எங்கயாவது காப்பி இருக்காக்கா?"

"இல்லையே."

எல்லார் வீட்டிலும் இதே பதில்தான். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

திங்கட்கிழமை வந்தபோது மெஷினில் வைரஸ் இருந்தது உண்மை. கீழ் வீட்டில் இருக்கும் கொழுந்தன் செய்த கைங்கரியம். பஸ் ஓட்டுகிறவர். அக்கா அவரைச் சின்னவரு என்பார், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருகிறேன் என்று எங்கிருந்தோ வந்த மெயிலைத் திறந்து, அதிலிருந்த புரோகிராமை ஏற்றியிருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அத்தனையையும் துடைத்து எடுத்தேன். யார் என்றே தெரியாதவன் அனுப்புவதைத் திறக்காதீர்கள், அப்டேட் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள், கண்டதற்கெல்லாம் 'சரி'யை அமுக்காதீர்கள், கடவுச்சொல்லை எவனிடமும் சொல்லாதீர்கள் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தெரிந்தும் ஊதினேன்.

புதன்கிழமை மறுபடியும் பூட்டு. இந்தத் தடவை வைரஸ் இல்லை. 'தவறான கடவுச்சொல் பல முறை தரப்பட்டுள்ளது, பிறகு முயலவும்' என்று திரையில் வந்தது. அக்காவுக்கோ கடவுச்சொல் விரல்நுனியில் இருந்தது. கணவரே வைத்து, கையைப் பிடித்துப் பழக்கிக் கொடுத்தது. அவர் தப்பாகத் தட்ட வாய்ப்பில்லை. வெளியிலிருந்து எவனோ இன்டர்நெட் வழியாக முயன்று பார்க்கிறான் என்று நினைத்து, நெட் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி என் பையிலேயே போட்டுக்கொண்டு போனேன்.

இன்றைக்கும் பூட்டு.

பராமரிப்புக்காக நான் தனியாக வைத்திருந்த கணக்கு வழியாக உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். நேற்று மத்தியானம் ஒன்று பத்திலிருந்து நான்கு மணி வரை யாரோ கடவுச்சொல் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முந்தாநாளும் அதே நேரம். நெட் இல்லை. அப்படியென்றால் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தட்டியிருக்க வேண்டும்.

"அது சின்னவருதான் தம்பி" என்றார் அக்கா. "மத்தியானம் நான் அந்த ரூம்ல படுத்திருப்பேன். இங்க தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். யாருன்னு கேட்டா பதிலே வராது."

சின்னவருக்குப் போன் போட்டு என் பெயரைச் சொன்னேன். பின்னணியில் எஞ்சின் இரைந்தது. "நான் காலைல வண்டியெடுத்தா சாயங்காலந்தான் எறங்குவேன். மத்தியானம் எப்படிங்க அங்க வர முடியும்? அண்ணி ஏன் என் பேர இழுக்கறாங்க?"

அக்கா போனை வாங்கி ஏதோ சொல்ல, அவர் பதிலுக்குக் கத்த, வார்த்தை தடித்துப்போனது. குடும்பச் சண்டை என் தலையில் விடிகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நீங்க போய்ப் படுங்க. வாசக்கதவப் பூட்டிட்டு நான் இங்கயே உக்காந்துக்கறேன். வர்றது யாருன்னு பாத்துடலாம்."

என் கணக்கிலிருந்து வெளியே வந்து, வீம்புக்குக் கீபோர்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இனி எவன் வந்து எதில் தட்டுவான்?

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. தெருவில் ஒரு வண்டி போனது. பிறகு அதுவும் இல்லை. அறைக்குள் காகித வாடை சற்றுக் கூடியதுபோல் இருந்தது. மணி ஒன்று பத்து.

டக்.

மடியைப் பார்த்தேன். கீபோர்டு அப்படியே கிடந்தது. அதன் வயர் என் காலருகே தொங்கியது.

டக். டக். டக்.

சத்தம் மேசையிலிருந்து வந்தது. கீபோர்டு இருந்த வெற்றிடத்திலிருந்து.

திரையில், கடவுச்சொல் கட்டத்துக்குள், ஒவ்வொன்றாகப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

படுக்கையறையிலிருந்து அக்கா ரகசியமாகச் சொன்னார். "தம்பி, கேக்குதா? சின்னவரு வந்துட்டாரு."

என் கை பழக்க தோஷத்தில் மவுஸை நகர்த்தியது. கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் புள்ளிகள் எழுத்தாகத் தெரியும். அழுத்தினேன்.

அக்காவின் பெயர்.

தவறு என்றது திரை. அடுத்து அதே பெயர், பின்னாலிருந்து முன்னாக. தவறு. தெருவின் பெயர். தவறு. கல்யாணம் நடந்த வருடம். தவறு.

ஐந்தாவதாக என் பெயர்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்தச் சத்தத்துக்கு அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். தட்டல் நின்றிருந்தது. அவர் முகத்தில் பயமே இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆசை இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சின்னவரு இல்லையா தம்பி? அப்ப... அவரா?"

கடவுச்சொல்லை வைத்ததே அவர் கணவர். அவருக்குத் தெரியாததா? அவர் வந்திருந்தால் ஒரே தடவையில் திறந்துகொண்டு போயிருப்பார். இது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. இந்த வீட்டை உற்றுக் கேட்டு, கேட்டதையெல்லாம் போட்டுப் பார்க்கிறது.

"மெஷின் கோளாறுக்கா" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் நாற்பத்தோரு அத்தியாயம் உள்ளே கிடந்தது. கீபோர்டை மறுபடி மாட்டி, முதல் காரியமாக அதை என் டிஸ்கில் பிரதியெடுத்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒன்றைப் போட்டுக் கேட்டேன். கரகரத்த குரல். நடுவில் அச்சுப்பிழை வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு, "எந்தப் புண்ணியவான் இத அச்சடிச்சான்?" என்று திட்டிவிட்டுத் தொடர்ந்தார். மூச்சு வாங்கியது. அக்கா அந்தத் திட்டுக்குச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடவுச்சொல்லை மாற்றினேன். எவனும் ஊகிக்க முடியாதபடி பதினான்கு எழுத்து. மற்ற வீடுகளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒளித்து வையுங்கள் என்பேன். அக்காவிடம் காகிதத்தைக் கொடுத்து என்ன பயன்? ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்லச் சொல்ல, அவர் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். நான்கு தடவை. அந்தக் கூடத்தில், நல்ல சத்தமாக.

நாங்கள் சொல்லி முடிக்கும்வரை அறையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அதை நான் கவனித்தேன். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. கடவுச்சொல்லை எவனிடமும் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அதற்கே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கு தம்பி, இப்பப் பூட்டிக்கறதே இல்ல" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நேரில் போகத் தைரியம் வராமல், நானும் அதையே நம்பிக்கொண்டேன்.

பத்தாவது நாள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நாப்பத்திரெண்டாவது அத்தியாயம் வந்திருச்சு. அதுக்கப்புறமும் வந்துக்கிட்டே இருக்கு."

டிஸ்கையும் என் லேப்டாப்பையும் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். படி ஏறும்போதே மேலிருந்து வாசிக்கும் குரல் கேட்டது. அவர் குரல்தான். ஒரு பிசிறு இல்லாத அவர் குரல்.

"பையைத் தோளில் மாட்டிய ஒருவன் இருட்டில் படி ஏறி வந்தான். பாதி வழியில் நின்றான்."

நான் பாதி வழியில் நின்றிருந்தேன்.

அக்கா தலைசீவி, நல்ல புடவை கட்டி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தொம்போது ஆச்சு தம்பி. நான் எதையும் தட்டுறதில்ல. வந்து உக்காந்தாப் போதும், அவராவே ஆரம்பிச்சுடறாரு."

திரையில் பதிவுகளின் வரிசை திறந்திருந்தது. பழைய நாற்பத்தொன்றின் தேதியும் மாறியிருந்தது. எல்லாமே இந்த வாரத்துத் தேதி. முதலாவதைப் போட்டேன். திட்டு இல்லை. திணறல் இல்லை. ஒரு நிமிடம் முழுக்கக் காதைக் கொடுத்துக் கேட்டேன். அந்தக் குரல் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை.

"இப்பல்லாம் திட்டுறதே இல்ல. அவருக்குக் கோவம் அடங்கிடுச்சு" என்றார் அக்கா, பூரிப்போடு.

என் கணக்கில் நுழையப் பார்த்தேன். தவறான கடவுச்சொல் என்றது. அந்தப் பதினான்கு எழுத்தையும் போட்டேன். தவறு. பதினாறு வருடத் தொழிலில் என்னை ஒரு மெஷின் வெளியே நிறுத்தியது அன்றுதான். ஆத்திரத்தில் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. குரல் அறுந்தது.

"என்ன தம்பி ஆச்சு? ஏன் நிறுத்திட்டாரு?"

"அக்கா, அது அவரு இல்ல. நெசமான குரல் எங்கிட்ட இருக்கு. இதக் கேளுங்க."

லேப்டாப்பைத் திறந்து டிஸ்கிலிருந்த பிரதியைப் போட்டேன். கரகரத்த அந்தக் குரல் வந்தது. ஒரு பக்கம் வாசித்தது. பிழையைக் கண்டு திட்டியது. பிறகு, "இரு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன். எங்கயும் போயிடாத" என்றது. நாற்காலி நகர்ந்தது, டம்ளர் சத்தம் கேட்டது. பத்து நாள் தாமதமானாலும், காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்காவின் முகம் சுருங்கியது.

"யாரு தம்பி இது?"

"அக்கா, இதுதான் அவரு."

"இல்ல. இது யாரோ. எதுக்கு இப்படி மூச்சு வாங்குறாரு? நிறுத்துங்க தம்பி, எனக்குப் பயமா இருக்கு."

"நல்லாக் கேளுங்கக்கா! உங்களுக்காக வாசிச்சவரு! அன்னைக்கு இதக் கேட்டுத்தான சிரிச்சீங்க!" என்று நான் கத்தினேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பிளக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

மூலையிலிருந்த ஸ்பீக்கர் பேசியது. அமைதியாக, மூச்சே விடாமல்.

"நான்தான் சொன்னேன்ல, அவன் வேற குரலக் கொண்டு வருவான்னு? அவன அனுப்பிட்டுக் கதவச் சாத்திட்டு வா."

அக்கா காதிலிருந்து கையை எடுத்தார். முகம் தெளிந்துவிட்டது. எழுந்து, சுவரைத் தடவாமல், எதிலும் இடிக்காமல் நேராக என்னிடம் வந்து, தோளைத் தொட்டு என்னை வாசல் பக்கம் திருப்பினார்.