ஆறடி ஆழத்தில் அனந்தராமன்

"அல்லாஹ்...!"

பாத்ரூமிலிருந்து பாய்ந்து வெளியே வந்தான் ஜாவித். முகம் வெளுத்திருந்தது.

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் மனைவி சாலிஹா.

"என்னங்க ஆச்சு?"

"டப்புல... கை! தண்ணிக்கு மேல ஒரு கை!"

அவள் எட்டிப் பார்த்தாள். மகள் மலீஹாவைக் குளிப்பாட்ட நிரப்பிய தண்ணீர். அதில் மிதக்கும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. அவ்வளவுதான்.

"உங்க மேனேஜர் இறந்து மூணு வாரம் ஆச்சு. இன்னும் நீங்க தூங்கவே இல்ல. டாக்டரைப் பாருங்க, ப்ளீஸ்..."

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை.

மறுநாள் லஞ்ச் டைமில், லாஸ் கொலினாஸில் இருந்த வக்கீல் மாளவிகாவின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். லண்டனில் சட்டம் படித்துவிட்டு, டெக்சஸில் கிரிமினல் கேஸ்கள் நடத்துபவள்.

"இங்க சொல்றது வெளிய போகாது. சொல்லுங்க ஜாவித்."

"என் மேனேஜர் அனந்தராமன். ரெண்டு பேரும் ஒரே அபார்ட்மென்ட். அங்க இருக்கற ஸ்விம்மிங் பூல்ல மூழ்கிச் செத்தாரு. போலீஸ் ஆக்சிடென்ட்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க. ஆனா... நான் அங்கதான் இருந்தேன் மேடம்!"

"தள்ளி விட்டீங்களா?"

"இல்ல! கிட்டகூட போகல. கால் வழுக்கி ஆழத்துக்குப் போயிட்டாரு. கை மட்டும் மேல தெரிஞ்சுது. எனக்கு நல்லா நீச்சல் தெரியும். ஆனா... நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன்?"

"என் கிரீன் கார்டு ஃபைலிங்கை ஸ்டாப் பண்ணினவர் அவர். எட்டு வருஷ உழைப்பு மேடம்! 'சாகட்டும்'னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன்!"

மாளவிகா பேனாவை மூடினாள்.

"லா காலேஜ்ல முதல் வாரமே சொல்லித் தருவாங்க. குற்றம்னா ரெண்டு வேணும். கை செய்யணும்... மனசும் நினைக்கணும். உங்க மனசு நினைச்சிருக்கு. கை எதுவும் செய்யல. யாரோ மூழ்கினா காப்பாத்தியே ஆகணும்னு இங்கிலாந்து சட்டம் கட்டாயப்படுத்தாது. டெக்சஸ்லயும் பெரும்பாலும் அப்படித்தான். கொடூரம்... ஆனா குற்றமில்ல!"

மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. ஜாவித்துக்கு வார்த்தைகள் தானாகக் கொட்டின.

"தேங்க்ஸ் மேடம்! பாவம் அவர்... முதுகு வலிக்குத் தண்ணியில நடக்கச் சொன்னாராம் டாக்டர். 'எனக்கு நீச்சல் தெரியாது, கொஞ்சம் பாத்துக்கறியா'ன்னு கேட்டாரு. அப்புறம்தான் தைரியமா இறங்கினாரு..."

மாளவிகா நிமிர்ந்தாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

மூடிய பேனாவை மறுபடி திறந்தாள் மாளவிகா.

"என்ன மேடம்...?"

"எல்லாமே மாறிப் போச்சு ஜாவித்! பாத்துக்கறேன்னு ஏத்துக்கிட்டா அது கடமை. உங்களை நம்பி இறங்கியிருக்காரு. அப்புறம் சும்மா நின்னதே... ஒரு செயல்தான்!"

"அப்போ... நான் கொலைகாரனா?"

"ஜூரி அப்படிச் சொல்லலாம். ஆனா அந்த 'சரி'யைக் கேட்டவர் உயிரோட இல்ல. நான் வெளிய சொல்ல முடியாது. நீங்களும் சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போங்க."

வீடு. பாத்ரூம். தண்ணீர்...

முழுசாக மூழ்கும்வரை அந்தக் கை அவன் நின்ற பக்கமாகவே நீண்டிருந்தது. அவனை நம்பி!

ஜாவித் எழுந்தான்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வர்றீங்களா மேடம்?"

"பைத்தியமா? உங்க லாயரா சொல்றேன்... வாயை மூடுங்க!"

"மூணு வாரம் மூடிப் பாத்துட்டேன் மேடம்... கரையில நின்ன எனக்குத்தான் மூச்சு முட்டுது!"