நாலாவது குரல்

மூன்று பேரும் எண் சொல்லி முடித்த பிறகு, பின்னாலிருந்து இன்னொரு குரல் "நாலு" என்றது. வந்தவர்களோ மூன்றே பேர்.

வழிகாட்டி நின்றாள். நடுப்பகல்தான், ஆனால் மலையின் இரட்டை முகடுகளுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கிவிட்டால் சொந்தக் கைகூடத் தெரியாது, ஈரப் பாறையின் வாடையும் எங்கோ சரளைக்கற்கள் உருளும் ஓசையும்தான் துணைக்கு வரும். அதனால் இந்தப் பாதையில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் ஒன்று சொல்ல, மற்றவர்கள் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசிக் குரல் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது.

அந்த முறையை மீறியவள் அவள்தான். போன வருடம் கடைசி ஆளாக வந்தவன் அவள் புருஷன். மூக்கு மேல் கோபம் அவனுக்கு. தேநீர் ஆறிப்போனதற்குச் சண்டை போட்டுவிட்டு, வீம்புக்கு எண் சொல்லாமல் வந்தான். இவளுக்கு மட்டும் வீம்பு இல்லையா? அவன் எண்ணையும் தானே சொல்லிவிட்டு நடந்தாள். கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சூடாக எதையும் குடித்ததில்லை.

இப்போது கேட்டது அவன் குரல்.

"அக்கா, நாம மூணு பேர்தானே?" பின்னால் நின்ற புதுப்பெண் கேட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் கணவன்.

"பேசாம நடங்க, கீழ போயிடலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வருடமாக ஏங்கிக் கிடந்த காது, இன்னொரு தடவை கேட்கத் துடித்தது.

"ஒண்ணு" என்றாள்.

"ரெண்டு."

"மூணு." மறுபடி வழிகாட்டியின் புருஷன் குரல்.

"ஏங்க?" புதுப்பெண் திரும்பினாள். "ஏங்க, எங்க இருக்கீங்க?"

பின்னால் துழாவிய அவள் கைக்கு யாரும் அகப்படவில்லை.

வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. மறுபடி எண்ணினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பனிக்குள் புதுப்பெண் அழுதாள். அந்த அழுகைக்கு அப்பாலிருந்து, மெல்ல, அவன் கேட்டான்.

"இன்னும் கோவமா?"

வாயைப் பொத்திய கை விலகியது.

"ஒண்ணு."

அழுகை நின்றது.

"ரெண்டு."

கழுத்தருகில். ஈர மூச்சு. சண்டை முடிந்ததும் நெற்றியால் அவள் பிடரியில் முட்டுவானே, அதே முட்டல். ஜில்லென்று.

"எனக்குக் கோவமே இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அவள் வாயிலிருந்து அவன் குரல் வந்தது.

"ஒண்ணு."