மூன்று இழுப்பு

உச்சி வெயிலில் ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெனோ வீட்டுக்குள் நுழைந்தான். அக்கா அல்போன்சா எதுவும் கேட்கவில்லை. புருஷன் வேதமணியைக் கடல் கொண்டுபோன இந்த ஒரு வருஷமாக அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

வேதமணி சங்கு குளிப்பவர். வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு முங்கும்போது அவருடைய இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடித்தவன் ஜெனோ. அந்த வேலையை மச்சினனிடம்தான் கொடுப்பார்கள். அக்காளின் தாலியை எந்தத் தம்பியும் நழுவ விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கயிறு மூன்று முறை இழுபட்டால் மேலே தூக்க வேண்டும்.

அன்று அவன் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு, செல்போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் தொடாத ஒரு விசித்திரமான ஆபரேட்டிங் சிஸ்டம். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. கயிறு இழுபட்டது தெரிந்தது. இந்த ஒரு நிமிஷம் முடியட்டும் என்று இருந்துவிட்டான், பாவி. காற்றுக்குழாய் அறுந்துவிட்டது, அத்தானுக்குக் கயிற்றை இழுக்கக்கூட நேரமில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டான்.

இனிக் கடல் வேண்டாம். அதே சிஸ்டத்தை வீட்டிலேயே கற்று, ஒரு வேலை தேடி, அக்காவுக்குச் சோறு போட நினைத்தான்.

முதல் பாடம், இன்னொரு கணினிக்குக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பது. அவனிடம் இன்னொரு கணினி ஏது? கணினியில் செருகியிருந்த கேபிளின் மறுமுனை கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தது. பதில் வராது என்று தெரிந்தேதான் தட்டினான்.

பதில் வந்தது.

மூன்று வரி. கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று வரி.

அறைக்குள் ரப்பர் குழாய் வாடை அடித்தது. பின்னாலேயே கடலடிச் சேற்றின் வாடை.

கேபிள் விறைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

“ஏலே...” அல்போன்சா வாசலில் நின்றாள். “அன்னைக்கு அவுக இழுத்தாவளா?”

“இல்லக்கா. மாதா மேல சத்தியமா இழுக்கல.”

கேபிள் மறுபடி மூன்று முறை வெட்டி இழுத்தது. கணினி மேசை விளிம்புவரை நகர்ந்தது.

அவள் ஓடிவந்து கேபிளைப் பிடித்தாள். இரண்டு மீட்டர் கேபிள்தான். ஆனால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஈரமாக, பாசி படிந்து. தரையெல்லாம் சுருள் சுருளாகக் குவிந்தது. கடைசியில் முனை வந்தது.

முனையில் யாரும் இல்லை.

அவள் அழவில்லை. அதைத் தம்பியின் மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“இந்தத் தடவையாவது விட்டுராதல.”

கேபிளை ஜெனோ அன்றைக்கே அறுத்து எறிந்தான். கணினியும் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஆனாலும் தினமும் உச்சி வெயிலில் அவனுடைய வெறும் மணிக்கட்டு மூன்று முறை இழுபடுகிறது. காற்றைப் பிடித்து அவனும் இழுக்கிறான். கையில் ஈரம் மட்டும் மிஞ்சுகிறது.

அல்போன்சா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

“இழுல,” என்கிறாள். “இன்னும் இழு.”