குளியலறைக்குள் ஒரு யானை

“உன் தம்பி டிவி பாக்குறானா, டிவி உன் தம்பியப் பாக்குதா, ஜோவி?”

மாடிவீட்டு பிரிஜெட் ஆன்ட்டி ஒருநாள் இப்படிக் கேட்டார். ஜோவிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பத்து வயது. வெளியாட்கள் முன்னால் குரலே எழும்பாது.

தம்பி கிளிஃபர்டுக்கு மூன்றரை வயது. தினமும் மாலையில் டிவியில் டும்பு என்ற யானை லாரி ஓட்டிக்கொண்டு வரும். வழி பிரியும் இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, நம்மை நேராகப் பார்த்து, “நண்பர்களே, எந்தப் பக்கம் போகலாம்?” என்று கேட்கும். பிறகு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். கடைசியில், “சரியாச் சொன்னீங்க” என்று கிளம்பும்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிளிஃபர்ட் டும்புவாகிவிடுவான். துணிக்கூடைதான் லாரி. ஒரு கை மூக்கிலிருந்து தும்பிக்கையாகத் தொங்கும். எதிரில் யார் வந்தாலும் வழி கேட்பான். பதில் வரும்வரை நகரவே மாட்டான். சுவரைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னாலும், “சரியாச் சொன்னீங்க” என்பான்.

டிவியில் வருவதை அப்படியே செய்கிறான் என்று மம்மி அலுத்துக்கொள்வார். ஜோவிதாவுக்கு அப்படித் தோன்றவில்லை. டிவி டும்பு காட்டுப் பாதையில் ஜாலியாகப் போகும். கிளிஃபர்டின் டும்புவோ வீட்டுக்குப் பக்கத்து விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் மாட்டிக்கொள்ளும். முன்னால் நிற்கும் ஆட்டோவை இந்த ஊர் டிரைவர்களைப் போலக் கன்னடத்தில் திட்டும். லாரியில் வரும் தலையணைகளுக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். டும்புவே ஊசி போடும். இதெல்லாம் எந்த டிவியிலும் வந்ததில்லை. இவ்வளவும் இந்தச் சின்னத் தலைக்குள் எங்கே இருக்கிறது என்று அவள் வியந்துபோவாள்.

ஒரு சனிக்கிழமை காலை, கிளிஃபர்ட் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். போடத் தெரிந்தது, திறக்கத் தெரியவில்லை. அழ ஆரம்பித்தான்.

மம்மி கதவைத் தட்டினார். தட்டத் தட்ட அழுகை ஏறியது. உள்ளே பெரிய வாளி நிறையத் தண்ணீர் இருப்பது நினைவுக்கு வந்ததும் மம்மி இன்னும் பலமாகத் தட்டினார். சத்தம் கேட்டு பிரிஜெட் ஆன்ட்டியும் கீழ்வீட்டு மைக்கேல்ராஜ் அங்கிளும் ஓடிவந்தார்கள். ஒருவர் இழு என்றார், ஒருவர் தள்ளு என்றார். கதவை உடைத்துவிடலாம் என்று அங்கிள் தோளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜோவிதா கதவில் காதை வைத்தாள். அழுகை தரைக்குப் பக்கத்தில், கதவை ஒட்டிக் கேட்டது.

“உடைக்காதீங்க, அங்கிள். கதவுமேலயே சாஞ்சு உக்காந்திருக்கான். அவன்மேலதான் விழும்.”

அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே பெரிய விஷயம். அடுத்துச் செய்யப்போவதை நினைத்ததும் காது சூடானது. ஆனாலும் தரையில் படுத்து, கதவின் அடி இடுக்கில் வாயை வைத்து, டும்புவின் கரகரக் குரலில் பேசினாள்.

“நண்பரே, தாழ்ப்பாளுக்கு ஒரு குட்டித் தும்பிக்கை இருக்கு. அது மேல பாக்குதா, கீழ தொங்குதா?”

மம்மி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோவிதா கையை உயர்த்தித் தடுத்தாள். டும்பு கேட்டால் காத்திருக்கும். அவளும் காத்திருந்தாள். அழுகை விக்கலானது. பிறகு விக்கலும் நின்றது.

“கீழ,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“சரியாச் சொன்னீங்க. இப்ப தும்பிக்கையத் தூக்குங்க. அது எந்தப் பக்கம் போகணும்? குழாய்ப் பக்கமா, சுவர்ப் பக்கமா?”

மறுபடியும் காத்திருப்பு. அங்கிள் தூக்கிய தோளை இறக்கிக்கொண்டார். கிரீச் என்றது. நின்றது. மறுபடி கிரீச். பிறகு, டக்.

“சபாஷ். இப்ப லாரிய ரிவர்ஸ் எடுங்க. கதவு திறக்கப்போகுது.”

குட்டிப் பாதங்கள் பின்னால் போகும் சத்தம் கேட்டது. ஜோவிதா கதவை மெல்லத் தள்ளினாள். மம்மி பாய்ந்துபோய்ப் பிள்ளையை அள்ளி, முத்தமிட்டு, திட்டி, மறுபடி முத்தமிட்டு, கடைசியில் வெளியே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கிளிஃபர்ட் இன்னும் ரிவர்ஸில்தான் இருந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான்.

பிரிஜெட் ஆன்ட்டி சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ‘வரட்டும், வரட்டும்’ என்று கன்னடத்தில் வழி சொல்லும் கண்டக்டரைப் போலக் கையை ஆட்டினார்.

“பர்லி, பர்லி... ரைட்.”

லாரி யாரையும் இடிக்காமல் ஹாலுக்குள் திரும்பி மறைந்தது.