பெட்ஃபோர்ட் லொறியின் கூரைத்துணி

காலை 9.40. கொட்டாஞ்சேனை கராஜில் நின்ற பழைய பெட்ஃபோர்ட் லொறியின் கபினில் ஏறிய நேசமலர் அண்ணாந்து பார்த்தார். கூரைத்துணி இல்லை. வெறும் தகரம்.

"தாலிக்கொடி போச்சம்மா," என்றான் மகன் தனுஷன். "நான் வரமுந்தியே பாஸ் துணியைக் கிழிச்சுக் குப்பையில எறிஞ்சிட்டான்."

சண்டைக் காலத்தில் வீட்டைவிட லொறிதான் பத்திரம் என்று அவர் கணவர் நமசிவாயம் தாலிக்கொடியை அந்தத் துணியின் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். கணவர் போன பிறகும் நேசமலர் அதை எடுக்கவில்லை. கலியாணப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட லொறியின் உட்புறத்தைப் புதுப்பிக்கலாம் என்றவன் தனுஷன். துணியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று கொடியை எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தான்.

10.15க்கு, வாகனங்களுக்கு உட்துணி தைக்கும் லைனிங் பாஸ் முர்ஷித் கொடியைத் திருடிய சந்தேகத்தில் பொலிஸ் கூண்டுக்குள் இருந்தார்.

சார்ஜன்ட் வின்சன்ற் இரவு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாத மனிதர். கேள்வி கேட்கவே அலுப்பாக இருந்தது.

"துணியைக் கழட்டினது நீரோ?"

"ஓம் சேர். ஓரத்து ஆணிய எடுத்து முழுசா எறக்கினேன்."

"இப்ப எங்க?"

"மேசைக்குக் கீழ சுருட்டி வெச்சீக்கி." முர்ஷித் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சேர், மகள கலியாணம் பேசிட்டுப் போன ஆக்கள் மாளிகாவத்தைல எங்கட பக்கத்து ரோடு. என்ன வீட்டுல வந்து ஜீப்புல ஏத்தினத கண்டுட்டாங்க. இது நின்டு போனா அவள்ட மொகத்த நான் எப்பிடிப் பாக்குற?"

மதியம் 12.10. வின்சன்ற் தாய்க்கும் மகனுக்கும் முன்னால் சுருளைக் கராஜ் தரையில் விரித்தார். கிழிசல் எதுவும் இல்லை. மடிப்பின் தையல் பருத்தி நூல். நடுவில் ஒரு முழம் மட்டும் நைலோன். இரண்டிலும் ஒரே பழுப்புக் கறை. முகர்ந்தார். சிகரெட்.

"ஐயா புகைப்பாரோ, அம்மா?"

"சீச்சீ. தொடமாட்டார்."

"அவருக்குப் பிறகு லொறி ஓட்டினது?"

"இவன்தான்."

நேசமலர் குனிந்து மடிப்பை அழுத்தினார். முகம் மலர்ந்தது. "இருக்கு சேர். கையில தட்டுப்படுது."

தனுஷன் வீதியைப் பார்த்தான்.

வின்சன்ற் பிளேட்டால் தையலைக் கீறினார். விழுந்தது ஒரு துண்டு நாய்ச் சங்கிலி.

"புதுத்துணி வெட்டி மாட்டும்வரை பாஸ்மார் பழசை எறியமாட்டினம், தம்பி. அதுதான் அவைக்கு அளவு. அது உமக்குத் தெரியேல்லை. எறிஞ்சுபோட்டான் எண்டு நம்பிக் கதை கட்டினீர்." வின்சன்ற் கண்ணைக் கசக்கினார். "பாஸ் நேற்றுப் பிரிச்சுத் தைச்சிருந்தால் நைலோன் நூலில சிகரெட் கறை ஏறியிராது. லொறியை நீர் ஓட்டின காலத்திலேயே கொடி போயிட்டுது. இந்தத் தையலை நான் இப்பத்தான் பிரிச்சனான். உள்ள கொடி இல்லையெண்டு காலமையே உமக்கு எப்பிடித் தெரியும்?"



"ஒவ்வொரு திவசத்துக்கும் கபினில ஏறித் தடவிப் பாத்துட்டுத்தான் இறங்குவன்," என்றார் நேசமலர். "நாய்ச் சங்கிலியையோடா தடவினனான்?"

2.30. பொலிஸ் வாசலில் முர்ஷித்தின் கையைப் பிடித்து நேசமலர் மன்னிப்புக் கேட்டார்.

"எனக்கிட்ட கேட்டு என்ன செய்ய, அம்மா," என்றார் முர்ஷித் சோர்வோடு. "பாத்தது மகள கலியாணம் பேச வந்தவங்க."

நேசமலர் ஓட்டோ ஒன்றை மறித்தார்.

"ஏறுங்கோ. அவையின்ர வீட்டைக் காட்டுங்கோ. கள்ளன் என்ர பிள்ளையெண்டு நானே அவைக்குச் சொல்லுறன்."