உள்ளிருந்து அழைத்தவள்

“வாம்மா, வலது காலை எடுத்து வெச்சு உள்ள வா” என்று வீட்டுக்குள்ளிருந்து வந்த குரலில் கரகரப்பே இல்லை.

மாமியாரின் குரல் ஃபோனில் வரும்போதெல்லாம் தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி இருக்கும். இதுவோ, அடுத்த அறையில் யாரோ ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, வெகுநாளாகக் காத்திருந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் அத்தனை தெளிவு. ஆனாலும், அரிசி நிரப்பி, தேங்காய் வைத்து, அதில் வெள்ளி முகம் கட்டி, குட்டிப் புடவையும் சுற்றிய கலசத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வாசற்படிக்கு வெளியே நிற்கிறவளுக்குக் குரலை ஆராய நேரம் ஏது? தோள்பட்டை கடுத்தது. உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. அவள் வலது காலை எடுத்து வைத்தாள்.

“இனிமே இதுதான் உன் இடம். உக்காரு” என்றது குரல்.

கோலமிட்ட மணையில் கலசத்தை இறக்கினாள். சாம்பிராணியும் மல்லிகையும் கூடம் முழுக்க மணத்தன. அதற்கும் அடியில், பல வருஷம் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாசனை.

பாவம், அவளும் எத்தனை வேலையைத்தான் ஒற்றை ஆளாகப் பார்ப்பாள்? தைத்துப் பிழைக்கிறவள். இந்த இரண்டறை வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன்; மறுநாள், நோன்பு நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவான். எட்டு மாதப் பெண் குழந்தைக்கு இன்னும் சரியாக முடி முளைக்காததால் வீட்டில் செல்லப் பெயர் ‘மொட்டை’. பிறந்த முதல் மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை அது. அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ‘இவளை என் மடியில போடு தாயே, வருஷா வருஷம் உன்னை வீட்டுக்கு அழைக்கிறேன்’ என்று லட்சுமியிடம் வேண்டிக்கொண்டதால் வந்தது இந்த நோன்பு.

அழைப்புக்கு இரண்டு பெண்கள் வேண்டும். ஒருத்தி வெளியே கலசத்தோடு நிற்க வேண்டும். வீட்டுக்காரியாக ஒருத்தி உள்ளே நின்று வரவேற்க வேண்டும். உள்ளே நிற்க ஆளில்லை. அதனால் மாமியார் யோசனை சொல்லியிருந்தாள்: “ஸ்பீக்கர்ல போட்டு விளக்குப் பக்கத்துல சாத்தி வை. நான் கூப்பிடறேன், நீ தூக்கிட்டு வா. சாமிக்குத் தெரியாதா நம்ம பாடு? ஆனா ஒண்ணு, அழைச்சுட்டா அவ்வளவுதான். வீட்டுக்காரி வழியனுப்புற வரைக்கும் வந்தவ படி தாண்டமாட்டா.” அத்தையின் எண்ணை அழுத்தி, எடுக்கக்கூடக் காத்திராமல் விளக்கருகே சாத்திவிட்டுத்தான் அவள் கலசத்தோடு வெளியே போயிருந்தாள்.

ஆரத்தி காட்டி முடித்தபோது ஃபோன் அடித்தது. மாமியார்தான்.

“என்னடி, ஆறரை ஆச்சு. நல்ல நேரம் போயிடும். அழைக்கலாமா?”

“இப்பதானே அத்தை கூப்பிட்டீங்க?”

“நானா? இங்க நாலு மணியிலேர்ந்து கரண்ட் இல்ல. ஃபோன் செத்துக் கிடந்துது. உன் மாமனார் பக்கத்துக் கடையில சார்ஜ் போட்டுட்டு வர்றேன்னு போனவர், அங்கேயே டீ குடிச்சுட்டு ஊர்க்கதை பேசிட்டு இப்பதான் வந்தார்.”

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கீழ்வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்படியே அத்தையிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரித்தபோது தூளியைப் பார்த்தாள். அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக, நன்றாகப் பழகிய கை ஆட்டுகிற மாதிரி.

விடிந்ததும் எழுந்து கூடத்துக்கு வந்தவள், விளக்கு ஏற்றியிருப்பதைப் பார்த்தாள். திரி நுனி கருகவில்லை; இப்போதுதான் ஏற்றியது. வாசலில் ஈரக்கோலம். கலசத்தின் குட்டிப் புடவையில் கொசுவம் மறுபடி மடிக்கப்பட்டிருந்தது. அவள் மடித்ததைவிடத் திருத்தமாக. அவளோ இடதுகைக்காரி, குத்துகிற ஊசியெல்லாம் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போகும். இங்கே அத்தனை ஊசியும் வலமிருந்து இடமாகக் குத்தியிருந்தது.

குழந்தையை வாரியெடுத்து மார்பில் சேர்த்தாள். பால் கட்டி நெஞ்சு கனத்தது. மொட்டை வாய் வைக்கவில்லை. வயிறு நிறைந்த பிள்ளையின் சோம்பலோடு தலையைத் திருப்பி, அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

திரும்பினாள். சமையலறைக் கதவு. அதன் நிழல். வேறொன்றுமில்லை.

பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தாள். கலசத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அடேயப்பா, கைவேலைக்காரின்னா நீதான்டி. என் ஜாக்கெட்டை மட்டும் ஏன்டி இப்படிப் பிடிக்கிற மாதிரி தைக்கிற?” என்றாள்.

“நீங்க மாசாமாசம் பெருத்தா நான் என்னக்கா பண்ணுவேன்?”

அக்கா சிரித்தாள். ஒரு மனுஷியின் சிரிப்பு கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அக்காவை இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லலாம், நோன்புச் சரடைக்கூட அவளையே கட்டிவிடச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க உங்க அக்கா? விடிகாலையில அவங்கதானே வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டாங்க. தலைக்குக் குளிச்சு, துண்டு கட்டிட்டு, மொட்டையை இடுப்புல வெச்சுக்கிட்டு.”

“எனக்கு அக்கா இல்லையே.”

“சும்மா இரு. மூக்கு முழி எல்லாம் நீயேதான். கொஞ்சம் வயசு கூட, அவ்வளவுதான்.” அக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். “சரடுகூட அவங்களே கட்டிட்டாங்க போல.”

குனிந்து பார்த்தாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் சரடு. நடுவில் பூ. ஒற்றைக் கையால் யாரும் போட முடியாத இறுக்கமான முடிச்சு.

அக்கா படியிறங்கிப் போன செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. மொட்டையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், பையில் இரண்டு துணியைத் திணித்தாள், பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து கணவனுக்காகக் காத்திருக்கலாம் என்று வாசலுக்கு ஓடினாள்.

கால் படி தாண்டவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வெயில். எதிர்வீட்டுக் கொடியில் போர்வை. வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் உள்ளேயே விழுந்தது. இடது காலைத் தூக்கினாள். அதுவும் உள்ளே. பின்பக்கமாகப் போனாள். உள்ளே. “அக்கா” என்று கத்தப் பார்த்தாள். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு குழந்தையை வாங்கிக்கொண்டன. பிடுங்கவில்லை. களைத்து வந்த விருந்தாளியிடம் பையை வாங்கிக்கொள்வதுபோல, அன்பாக.

“நீ ஏன் நிக்கிற? உக்காரு.”

உட்கார்ந்தாள். மணை சில்லென்றிருந்தது. கன்னத்தில் ஈர மஞ்சளை விரல்கள் பூசின. நெற்றியில் குங்குமம். தோளில் ஊசி. வலமிருந்து இடமாக. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையைத் தேடினாள். கை இல்லை. மடி இல்லை. இடுப்புக்குக் கீழே அரிசியின் கனம். இமைக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

சாயங்காலம் கணவன் வந்தான். வண்டிப் புழுதி போகக் கைகால் கழுவிவிட்டு எதிரே வந்து நின்றான். அவளுக்கு மிக அருகில், மலைபோல உயரமாக. ஏங்க, ஏங்க, என்று உள்ளுக்குள் அலறினாள். அவன் கைகூப்பினான்.

“அம்மன் முகம் ரொம்பக் களையா இருக்குடி. அழுகிற மாதிரி, கண்ணுல தண்ணி தெரியுது பாரேன்.”

“விளக்கு வெளிச்சங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. கரகரப்பே இல்லாத குரல். மொட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவளை அவன் ஏறிட்டுப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு குழந்தையை வாங்கிக் கொஞ்சினான். வந்தவளின் சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஃபோனில் மாமியாரின் குரல் தகரத்தில் மணல் தேய்த்தது. “பூஜையெல்லாம் குறையில்லாம முடிஞ்சுதா? கலசத்தை லேசா வடக்குப் பக்கம் நகர்த்திடு. அப்புறம் முகத்தைக் கழட்டி அரிசி டின்னுக்குள்ள வெச்சிடு. அடுத்த வருஷம் நீயா எடுக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.”

“சரிங்க அத்தை. பத்திரமா வெச்சிடறேன்.”

விரல்கள் அவளை எடுத்தன. டின்னின் வட்டம் மேலே தெரிந்தது. கூடத்து விட்டம், இடுப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற மொட்டைத் தலை. குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணையே பார்த்தது. உதடு பிதுங்கியது. குட்டிக் கையை உள்ளே விட்டு அவள் கன்னத்தைத் தொட்டது. சூடான கை.

“சீ, அழக்கூடாது. அம்மாதான் இங்க இருக்கேனே.”

இடுப்பில் வைத்திருந்தவள் குழந்தையின் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். பிஞ்சு விரல்களில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். அவை ஒவ்வொன்றாக, மூடாத அந்தக் கண்களின் மேல் விழுந்தன.