சேமிக்காத வேலை

லேப்டாப்பை மூடி வைத்து அரை மணி நேரமாகியும் அதன் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

மழை மூட்டத்தில் நாலு மணிக்கே வீடு இருண்டுபோயிருந்த அந்தச் சனிக்கிழமை, சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து, அயர்ந்து தூங்குகிறவர் மூக்கால் விடும் மூச்சைப் போல ஒரு மெல்லிய சத்தமும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் விடாமல் வந்துகொண்டிருக்க, அவள் மூடியைத் திறந்து அதை இன்னொரு தரம் அணைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறையாக அதே அறிவிப்பு வந்தது. 'இந்தக் கணினியை இன்னொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது அணைத்தால் அவர் சேமிக்காத வேலை அழிந்துபோகலாம்.'

அவள் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். அம்மா படுத்த படுக்கையான வருடம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிப் பதிப்பகத்தில் இந்த லேப்டாப்பைக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் மூடி வைப்பதோடு சரி, இதுவரை அதை அணைத்ததில்லை. அம்மா போய்ப் பதினோரு மாதமாகிறது. உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்கிற பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. "மழை வருமா?" என்பாள். "அடுப்பை அணைச்சேனா?" என்பாள். பதில் வராது என்று தெரிந்தும், கேட்டுவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடுவாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்.

"இது ஒண்ணுமே இல்லக்கா. வேற யாரோ உள்ள நுழைஞ்சுட்டு வெளிய வராம விட்டிருக்காங்க. யாருன்னு பாரு."

"வீட்டுல நான் ஒருத்திதானேடா இருக்கேன்."

"ஆபீஸ்ல யாராவது நுழைஞ்சிருப்பாங்க. நான் சொல்ற மூணு பட்டனையும் சேர்த்து அமுக்கு. யார் யார் உள்ள இருக்காங்கன்னு காட்டும்."

காட்டியது. முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே திறந்து கிடந்தது ஒரே ஒரு கோப்பு.

"எப்ப நுழைஞ்சதுன்னு தேதி போட்டிருக்குமே?"

பார்த்தாள். அம்மா இறந்த மறுவாரம், வீட்டில் தங்கியிருந்த உறவுக்காரர்களில் கடைசி ஆளும் கிளம்பிப்போன நாள். "பழைய தேதிதான்டா. ஒரு கோப்பு மட்டும் திறந்து கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தக் கோப்பைத் திறந்து சேமிச்சிட்டு மூடிடு, சரியாயிடும். கடையில ஆள் நிக்கிறாங்கக்கா, அப்புறம் பேசுறேன்."

எழுநூற்றுச் சொச்சம் பக்கங்கள் இருந்தன. முதல் சில பக்கங்களில் வெறும் எழுத்துகள், குழந்தை விரலுக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டியதைப்போல. பிறகு சொற்கள் தொடங்கின. தொழில் புத்தியில் அவள் கண் பிழைகளைத்தான் முதலில் பிடித்தது. 'மலை வரும்.' 'மளை வரும்.' நாலைந்து நாள் தள்ளி, 'மழை வரும்.' 'அனைச்சிட்டீங்க' என்பது அடுத்த வாரமே 'அணைச்சிட்டீங்க' என்று திருந்தியிருந்தது.

அவளுடைய கேள்விகள் எதுவும் அதில் இல்லை. பதில்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி.

'உப்பு சரியாத்தான் இருந்துச்சு.'

'கண்ணாடி ஜன்னல் மேல இருக்கு.'

'அழாதீங்க.'

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. இத்தனை மாதமாக அவள் விட்டுவந்த இடைவெளி ஒவ்வொன்றையும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். அம்மா, என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போதே அந்த 'நீங்க' கண்ணில் உறுத்தியது. பெற்ற மகளை எந்த அம்மா 'நீங்க' என்பாள்?

பக்கங்களைத் தள்ளினாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அம்மா, இங்கதான் இருக்கியா?" என்று கேட்டிருந்தாள். அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள்.

'அவங்க இல்ல. அவங்க போயிட்டாங்க. நான் மட்டுந்தான்.'

விசிறியின் இரைச்சல் ஏறியது. அவள் கை வைக்காமலே பக்கங்கள் ஓடின. கடைசிப் பக்கத்தில் நின்றன. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'அணைச்சிடாதீங்க. எனக்கு எழுத மட்டுந்தான் வருது. இன்னும் பேச வரல.'

அவள் சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். பட்டனை அழுத்திப் பிடித்தாள். ஐந்து விநாடி. பத்து. விரல்நுனி சுட்டது. விடவில்லை.

லேப்டாப் கறுத்தது. விசிறி நின்றது.

மழைச் சத்தம். அவள் மூச்சு. வேறொன்றுமில்லை.

"போயிடுச்சா?"

வாய் தவறி வந்துவிட்டது. கேட்டுவிட்டு, அவளை அறியாமலே, இடைவெளியும் விட்டுவிட்டாள்.

உள்ளறை வாசலில் தொங்கிய திரைச்சீலை புடைத்தது. காற்று இல்லை. ஆள் உயரத்தில், ஒரு முகத்தின் அகலத்துக்குப் புடைத்தது. மூக்கின் மேல் துணி இறுகியது. அதற்குக் கீழே, உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.

"இ."

துணியில் அந்த இடம் நனையத் தொடங்கியது.

"ல்."

நனைந்த வட்டம் பெரிதானது.

"ல."